‘மறக்கும் கோழிகள்’ என்று நான் சொன்னபோது எழுந்து நின்றவர்

போன வியாழக்கிழமை காலை ஆய்வகத்தில் ரத்த மாதிரிக் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது எருமப்பட்டியிலிருந்து கதிர் கூப்பிட்டார். “டாக்டரம்மா, அம்மா இன்னைக்கு விடியக்கால தவறிட்டாங்க. உங்களுக்குச் சொல்லோணும்னு தோணுச்சுங்க” என்றார். போனை வைத்த பிறகு ஒரு சீட்டைத் தப்பான குழாயில் ஒட்டி, மறுபடி பிரித்தெடுத்தேன்.

சம்பூரணம் அக்காவை நாமக்கல் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அறிவார்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கணவர் காலமான பிறகு மகன் கதிரோடு சேர்ந்து இரண்டு கொட்டகை முட்டைக்கோழிகளை வளர்த்தவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, கோழிகளின் நோய் எதிர்ப்பை ஆராய்கிறவள். கோபக்காரி என்றும் பெயர் உண்டு. அந்தப் பெயர் சும்மா வரவில்லை என்பது இதைப் படித்து முடிக்கும்போது தெரியும்.

தடுப்பூசியையும் மீறி அவருடைய ஒரு கொட்டகையில் வெள்ளைக்கழிச்சல் என்னும் வைரஸ் நோய் புகுந்த வருடம்தான் பழக்கமானோம். அவருடைய நிலத்தின் மறுகோடியில் இருந்த இன்னொரு கொட்டகை தப்பித்துவிட்டது. இப்படி நோய் வந்தால் மிஞ்சிய கோழிகளை வியாபாரிக்கு ஏற்றிவிட்டுக் கொட்டகையைக் கழுவி விடுவதுதான் வழக்கம். எனக்கோ அந்த மிஞ்சிய கோழிகள்தான் வேண்டும். பண்ணை பண்ணையாக ஏறி இறங்கினேன். வைத்துக்கொள்கிறேன் என்று யாரும் சொல்லவில்லை. அக்கா மட்டும், “எதுக்குங்க?” என்று கேட்டார்.

மரபணுவின் எழுத்துகள் வைரஸ் வந்துபோன பிறகும் அப்படியேதான் இருக்கும். ஆனால் அந்த எழுத்துகளின்மேல் சின்னச் சின்ன வேதிக்குறிகள் ஒட்டிக்கொள்ளும், உதிரும். எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பது அந்தக் குறிகளைப் பொறுத்தது. நோயிலிருந்து மீண்ட கோழியின் எதிர்ப்புச் செல்களில் இந்தக் குறிகள் மாறியிருக்கின்றனவா, மாதங்கள் கழிந்தும் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்றேன். அக்கா கொஞ்சம் யோசித்தார். “லைட்டு அதேதான், சுவிட்சைத்தான் வேற மாதிரி போட்டு வெச்சிருக்குதுங்கறீங்க. அப்படித்தானுங்களே?” அன்றிலிருந்து எல்லா மேடைகளிலும் இதைத்தான் சொல்லிவருகிறேன். யார் சொன்னது என்று மட்டும் சொன்னதில்லை.

மிஞ்சிய கோழிகளின் காலில் எண் போட்ட வளையம் மாட்டினோம். மாதம் ஒருமுறை ரத்தம் எடுப்பேன். அக்காதான் பிடித்துக்கொள்வார். “இரு சாமி, ஒரு சொட்டுத்தான்” என்று அவர் சொன்னால் கோழி அடங்கிவிடும். என் கையில் அது அடங்கியதில்லை. “உங்க அவசரம் கோழிக்குத் தெரியாதுங்க” என்பார். அந்தக் கேலி எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அவர் இல்லாத நாளில் ஊசியைத் தொட்டதில்லை.

அரை வருடத்துக்குப் பிறகு வந்த முடிவு என்னைத் தூக்கி நிறுத்தியது. பெரும்பாலான கோழிகளில் குறிகள் அழியாமல் இருந்தன. ஏழெட்டுக் கோழிகளில் மட்டும், வைரஸையே பார்க்காதவைபோல, ஒன்றுமே இல்லை. தொற்றிலிருந்து மீண்ட உடம்புகளில் சில அதை மறந்துவிடுகின்றன என்று முடிவுகட்டினேன். ‘மறக்கும் கோழிகள்’ என்று பெயரும் வைத்தேன். ஆய்வுக்கட்டுரை பாதிக்குமேல் எழுதியாகிவிட்டது.

அந்தச் சமயத்தில் நாமக்கல்லில் பண்ணையாளர் கூட்டம் நடந்தது. அங்கே நான் பெருமையாகப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் அக்கா கையைத் தூக்கினார். பிறகு எழுந்தே நின்றார்.

“ஏனுங்க டாக்டரம்மா, அந்த ஏழெட்டும் நான் மாத்தி உட்ட கோழியா இருக்குமுங்க.”

கூண்டில் ஒரு கோழி செத்தால் அந்த இடத்துக்கு வேறொன்றைக் கொண்டுவந்து விடுவது முட்டைப் பண்ணைகளில் தினசரி வேலை. அக்காவும் அதைத்தான் செய்திருக்கிறார். செத்த கோழியின் வளையத்தைக் கழற்றி, நோயே வராத கொட்டகையிலிருந்து கொண்டுவந்த கோழிக்கு மாட்டியிருக்கிறார். “ஊசி குத்தித்தான் செத்துப்போச்சோன்னு நீங்க வெசனப்படுவீங்கன்னு சொல்லாம உட்டுட்டேங்க” என்றார். எவை மாறியவை என்று அவருக்கே நிச்சயமில்லை. தடுப்பூசி போட்டிருந்ததால் எல்லாவற்றின் ரத்தத்திலும் எதிர்ப்புப் பொருள் இருந்தது; அதைப் பார்த்துப் பிரிக்கவும் வழியில்லை.

மைக்கைக் கையில் பிடித்தபடியே சொன்னேன்: “ஆராய்ச்சின்னா என்னன்னு தெரியாதவங்களை நம்புனது என் தப்பு.” அக்கா உட்கார்ந்தார். நான் மீதிப் படங்களைப் போடாமலே இறங்கிவிட்டேன்.

கட்டுரையைக் கைவிட்டேன். ரொம்ப நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு பொய்யை அச்சேற்றும் அவமானத்திலிருந்து என்னைக் காப்பாற்றியவர் அவர்தான் என்பது அறிவுக்கு எட்டியது. மனதுக்கு எட்டத்தான் நாளாயிற்று. கடைசியில் போய் நின்றபோது, “வாங்க சாமி, இளைச்சுப் போயிட்டீங்க” என்று உள்ளே கூட்டிப்போனார். மிஞ்சிய கோழிகள் அங்கேயே இருந்தன. கூண்டுகளில் ஆங்காங்கே வெற்றிடம்.

“செத்ததோட இடத்தை அப்படியே உட்டுட்டேங்க. நம்மளுக்குத்தான் பாக்கறதுக்கு என்னமோ மாதிரி இருக்குது, பல்லு உழுந்த வாயாட்டம்” என்றார்.

அன்று அப்படிப் பேசியிருக்கக்கூடாது என்று சொன்னேன். கூண்டுக்கு வெளியே தலை நீட்டிய கோழியைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

“எனக்கொன்னும் இல்லீங்க. ஆனா அதுக்கப்பறம் கூட்டத்துல நம்ம ஆளுக ஒருத்தரும் கையத் தூக்கறதில்லை. கோழி செத்தாலும் வாயத் தொறக்கறதில்லை. எங்கிட்டச் சொல்றதை அவிங்களுக்குச் சொல்லுங்க.”

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நோயிலிருந்து மீண்ட வேறு கோழிகளோடு அதே பண்ணையில் வேலையைத் திரும்பத் தொடங்கினோம். இம்முறை ஒவ்வொரு சாவையும் அக்கா போனில் சொன்னார். குறிகள் நின்றன. மறக்கும் கோழி ஒன்றுகூட இல்லை.

இப்போதெல்லாம் ஒரு முடிவு எனக்குப் பிடித்தமாதிரி வந்தால், கணினியை மூடிவிட்டுக் கோழி பிடித்தவரிடம் போய், “இதில் எனக்குத் தெரியாதது ஏதாவது நடந்ததா?” என்று கேட்கிறேன். பதில் வரும்வரை நிற்கிறேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பழக்கம்தான். அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்போது மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்று அந்த அரங்கில் இருந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். அக்கா செய்ததில் ஆராய்ச்சிக்குப் பொருந்தாதது ஒன்று இருந்தது. அதை நான் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். எழுந்து நின்று சொன்னாரே, அந்த அரங்கில் அன்று நடந்த ஆராய்ச்சி அது ஒன்றுதான். நான் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். தயவுசெய்து கையைத் தூக்குங்கள்.

வாக்குக் கொடுத்த பிறகு இதைச் சொல்ல, அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கூட்டங்கள் எனக்குக் கிடைத்தன. இரண்டிலும் நான் வேறு எதையெதையோ பேசிவிட்டு இறங்கினேன்.