நாடி பார்த்த கொப்பி

இருதயம் ஒரு பம்ப் என்றுதான் இருபது வருடத்துக்கு மேலாக நான் படிப்பித்து வந்தேன். பம்பலப்பிட்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் ரீச்சர். வருடத்துக்கு ஒருமுறை வெள்ளவத்தைச் சந்தையில் ஓர் ஆட்டு இருதயம் வாங்கிக்கொண்டு போய், மேசையில் வைத்து வெட்டி, நான்கு அறைகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். "சந்தோசம், கவலை எல்லாம் எந்த அறைக்குள்ள இருக்கு மிஸ்?" என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருத்தி கேட்பாள். "அதைத் தமிழ் ரீச்சரிட்டப் போய்க் கேள்" என்பேன். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கேள்வி என் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. என் கணவர் புறக்கோட்டையில் ஓர் இரும்புச் சாமான் கம்பனியில் தலைமைக் கிளாக்கர். ஒருநாள் மத்தியானம், கதிரையில் இருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். மாரடைப்பு. இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தார். பிறகு நான்கு பேர் அவரைக் கதிரையோடு தூக்கி எங்கள் ஃபிளட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நான்கு படி.

டொக்டர் இரண்டு கட்டளை போட்டிருந்தார். ஒன்று, ஆள் மெல்ல மெல்லப் படியிறங்கி ஏற வேண்டும், நடக்க வேண்டும். படுத்தே கிடந்தால் இருதயம் இன்னும் பழுதாகும். மற்றது, ஆளை எக்சைட் பண்ணக் கூடாது. முதலாவதை அவர் கேட்கவில்லை. வாசல்வரை வந்து படியை எட்டிப் பார்ப்பார், முகம் வெளிறும், திரும்பிப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுப்பார். இரண்டாவதை நான் தேவைக்கு மேலேயே கேட்டேன்.

பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், அதனால் என் ஆட்சி. ரேடியோவிலிருந்து பற்றரியைக் கழற்றினேன். பேப்பரில் யுத்தச் செய்தி, மரண அறிவித்தல் எல்லாவற்றையும் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுத்தான் கொடுப்பேன். வெட்டினால் மிஞ்சுவது சோதிடமும் மணமகன் தேவையும்தான். அவர் அந்தப் பேப்பரைத் தூக்கி ஓட்டைக்குள்ளால் என்னைப் பார்த்தார். அந்த நாட்களில் அவர் எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை அவருடைய கம்பனிக் கந்தோர்ச் சிநேகிதர் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தார். அவருடைய ஆட்கள் தேயிலைத் தோட்டப் பகுதியிலிருந்து வந்தவர்கள். பேச்சு வேறு, வாய் பெரிது. செருப்பைக் கழற்றும்போதே, "நோயாளியிட்டப் போய்ச் செய்தியொண்டும் கதைக்கக் கூடாது" என்று எச்சரித்தேன்.

"செய்தி எல்லாம் இல்லீங்க டீச்சர். கொட்டாஞ்சேனைலருந்து இங்க வர்றதுக்குள்ள நாலு செக் பொயின்ட். நாலு பேரும் அடையாள அட்டைய ஒரு வாட்டி பாக்குறாங்க, என் மூஞ்சிய ஒரு வாட்டி பாக்குறாங்க. நாலு பேருக்கும் சந்தேகம். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு, வந்திருக்கிறது நான்தானான்னு."

அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலாக்கும் என்று ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் உடனே அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, மற்றக் கையில் மணிக்கூட்டைப் பார்த்தேன். நாடி வேகமாக ஓடியது. சிநேகிதரை வெளியே அனுப்புவதா என்று யோசிக்க முதல் அவர் சட்டைப்பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்துவிட்டார்.

"ஒரே ஒரு முந்நூற்றிநாலு, டீச்சர்."

முந்நூற்றிநாலு விளையாட நான்கு பேர் வேண்டும். கீழ் மாடியில் இருந்த சிங்கள ஐயா, ரயில்வேயில் கார்ட் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், மூன்றாம் ஆளாக வந்தார். நான்காம் ஆள் நான். ஆளைக் கண்காணிக்க அதுதான் வசதி. தோற்கிற இரண்டு பேரும் உடுப்புக் காயப்போடும் கிளிப்பைக் காதில் கொழுவிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது சட்டம். முதல் ஆட்டத்திலேயே நானும் கார்ட் ஐயாவும் தோற்றோம். என் கணவரும் சிநேகிதரும் மூக்கைத் தொட்டும் காதைச் சொறிந்தும் கள்ளச் சைகை காட்டினார்கள் என்பது என் முறைப்பாடு. இரண்டு காதிலும் கிளிப்போடு நான் சண்டை பிடித்ததைப் பார்த்து அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

ஆட்டம் முடிந்து அரை மணித்தியாலம் கழித்து மறுபடி நாடி பார்த்தேன். காலையில் சும்மா படுத்துக் கிடந்தபோது இருந்ததைவிட அமைதியாக ஓடியது. அன்றைக்கு இரவு அவர் மருந்துக் குளிசையைத் தானே கேட்டு வாங்கிப் போட்டார். ஞாயிறு காலை வாசலுக்குப் போய் நின்றார். ஒன்பது படி இறங்கினார், ஒன்பது படி ஏறினார்.

இதை ஒரு விலங்கியல் ரீச்சர் சும்மா விட முடியுமா? பள்ளிக்கூடத்துக் கொப்பி ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். திகதி, காலை நாடி, மாலை நாடி, நித்திரை, படி, கடைசியில் சிரிப்பு. சிரிப்பை அளக்கக் கருவி இல்லாததால் 'இல்லை', 'கொஞ்சம்', 'அதிகம்' என்று எழுதினேன். ஒருநாள் விடியக் காலையில் ஆமி வந்து ஒழுங்கை முழுவதையும் சோதித்தது. மேலே ஏறி வந்து, எங்கள் பொலிஸ் பதிவுத் துண்டைக் கேட்டு, கட்டிலுக்குக் கீழேயும் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குச் சிரிப்பு இல்லை, படியும் இல்லை. சீட்டு விளையாடிய மறுநாட்களில் படி கூடியது. நான் ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு நல்ல புளுகம், பெருமை.

கொப்பியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் டொக்டரிடம் நீட்டினேன். அவர் பொறுமையாகப் புரட்டினார்.

"மிஸிஸ், சிரிப்பை என்னால மருந்துத் துண்டில எழுத ஏலாது" என்றார். "சந்தோசமா இருக்கிற ஆள் குளிசையை நேரத்துக்குப் போடுவார், நடப்பார், நல்லா நித்திரை கொள்ளுவார். அதால சுகம் வருதோ, இல்லாட்டிச் சந்தோசம் நேராவே இருதயத்துக்கு ஏதும் செய்யுதோ, எனக்குத் தெரியாது. ஒரு ஆளை மட்டும் வச்சு முடிவு சொல்ல ஏலாது எண்டு உங்களுக்குத் தெரியாததே?"

எனக்குத் தெரிந்ததுதான். அதனால்தான் கோபம் வந்தது.

அந்தக் கிழமையே, பள்ளிக்கூட வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் எனக்காகக் காத்து நின்றார். யாழ்ப்பாணத்துக்குப் பாதை இல்லாத காலம், கப்பலில் வந்தவர். கசங்கிய கடிதம் ஒன்றைத் தந்தார். அங்கே இருந்த என் கணவரின் அண்ணன் செத்துப் பத்து நாளாகிவிட்டது. அவருக்கும் மாரடைப்புத்தான். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக வாகனம் இருந்ததாம், ஓட எண்ணெய் இல்லையாம். கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு ஆய்வுகூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் கணவருக்கு ரத்த உறவென்று மிச்சமிருந்தது அந்த ஒரு அண்ணன்தான். தாய் தகப்பன் எப்போதோ போய்விட்டார்கள்.

சொன்னால் இவரும் போய்விடுவார். எனக்கு அதில் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. ஆள் முழுச் சுகமென்று டொக்டர் சொல்லும்வரை வாய் திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன். முகத்தைக் கழுவி, கண்ணுக்குக் கீழே பவுடர் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஆனால் துடக்கை என்ன செய்வது? எங்கள் ஆட்களில் இப்படியொரு சாவு விழுந்தால் முப்பத்தொரு நாளைக்குச் சாமி அறையில் விளக்கேற்றுவதில்லை, கோயிலுக்குப் போவதில்லை, மீன் இறைச்சி என்று மச்சம் சமைப்பதில்லை. தவளையும் கரப்பானும் வெட்டிப் படிப்பித்தவள்தான் நான். ஆனாலும் நெருப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு சாமி அறைக்குள் போனபோது கை வரவில்லை. செத்தவரை மறைக்கலாம், அவருக்குரிய மரியாதையை மறுக்கலாமா? அதனால் பொய்களை அடுக்கினேன். எண்ணெய்ப் புகை நெஞ்சுக்குக் கூடாது என்று சொல்லிச் சிவப்பு பல்ப் ஒன்றைச் சாமிப் படத்துக்கு முன்னால் மாட்டினேன். கடலில் கெடுபிடி, நல்ல மீன் வருவதில்லை என்றேன். கோயில் வழியில் செக்கிங் கூடிவிட்டது என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் "ஓம் ஓம்" என்றார்.

சீட்டாட்டத்தை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நிறுத்தினால் ஏனென்று கேட்பார். சனி, ஞாயிறு சிநேகிதர் வருவார், கார்ட் ஐயா ஏறி வருவார், நானும் சேர்ந்து இருந்து துரும்பு கேட்பேன். அவர் முன்னைவிட நன்றாகச் சிரித்தார். படியும் விறுவிறுவென்று கூடியது. பதினெட்டு, இருபத்தேழு, முப்பத்தாறு. கொப்பியில் 'அதிகம்', 'அதிகம்' என்று எழுதிக்கொண்டு போனேன். பாவம், ஒன்றும் தெரியாமல் சிரிக்கிறாரே என்று நினைக்கும்போது கோடு கோணிப் போகும்.

அண்ணன் செத்து முப்பத்தொரு நாளும் கழிந்த மறுநாள் காலை குளித்து, உண்மையான விளக்கை ஏற்றினேன். பல்ப்பைக் கழற்றினேன். ஒரு துண்டு அறக்குளா மீனும் வாங்கிச் சமைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

பின்னேரம் திரும்பி வந்தால் ஆள் இல்லை. கட்டில் வெறுமை, பல்கனி வெறுமை. ஐம்பத்து நான்கு படியும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஒழுங்கைக்கு ஓடினால், கடல் பக்கத்திலிருந்து அவரும் கார்ட் ஐயாவும் மெல்ல நடந்து வருகிறார்கள். அவர் உடுத்திருந்த சாரத்தின் கரை நனைந்திருந்தது. நடு ஒழுங்கையில் வைத்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். "கால் நனைக்க ஆசை வந்தது" என்றார். அன்றைக்குக் கொப்பியில் எழுதியது இப்போதும் இருக்கிறது: 'முழுப் படி. கடல்வரை. முதல்நாள் சீட்டு, சிரிப்பு அதிகம்.' அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். சமையலறையில் எள்ளுப் போத்தலின் மூடி திறந்திருந்தது. நான்தான் மூட மறந்தேனாக்கும் என்று இறுக்கி வைத்தேன்.

இன்னும் நான்கு மாதம் போனது. மெஷினில் நடக்கவைத்துப் பார்த்துவிட்டு, இனிப் பயமில்லை, வேலைக்குப் போகலாம் என்று டொக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து அவரைக் கதிரையில் இருத்தினேன். நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசையை உள்ளங்கையில் தயாராகப் பொத்திக்கொண்டேன்.

"இஞ்சாருங்கோ, உங்களிட்ட ஒரு விசயம் மறைச்சுப்போட்டன்."

"அண்ணையின்ர விசயமோ?" என்றார்.

நான் குளிசையை மேசையில் வைத்தேன்.

"விளக்கை நிப்பாட்டினீர். மீனில்லை எண்டீர், கீழ் வீட்டில பொரிக்கிற மணம் மூண்டு மாடியும் ஏறி வந்தது. கோயிலுக்கும் போகேல்ல. துடக்கெண்டு ரெண்டாம் நாளே விளங்கீற்று. உம்மட பக்கமெண்டால் நீர் என்னட்ட மறைக்க மாட்டீர். என்ர பக்கமெண்டால், அவரை விட்டால் எனக்கு ஆர்?"

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கேல்ல?"

"கேட்டால் நீர் பயந்து செத்துப்போவீர். இந்த வீட்டில ஒரு நெஞ்சு வருத்தம் காணும், ரெண்டு வேண்டாம்." பிறகு சொன்னார்: "எந்த நாள் எண்டுதான் தெரியேல்ல. நீர் எப்ப விளக்கு ஏத்துறீரோ, அண்டைக்குக் கடலில எள்ளுந் தண்ணியும் விட வேணும். அதுக்குள்ள ஐம்பத்திநாலு படியும் பழக வேணும் எண்டு நினைச்சன். ரயில் பாதையடியில சென்றிக்கு நிண்ட ஆமிக்காரன் மறிச்சவன். கார்ட் ஐயா என்ர தோளில கையைப் போட்டு, 'மகே மல்லி' எண்டார். அண்ணைக்கு எள்ளுத்தண்ணி விடப் போறவனை அந்த மனிசன் தன்ர தம்பி எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போச்சுது."

எனக்கு ஆத்திரம், வெட்கம், அழுகை எல்லாம் ஒன்றாக வந்தது. மனிதனை அழக்கூட விடாமல் பூட்டி வைத்திருந்தேனே. "அப்ப சீட்டில சிரிச்சது முழுக்க எனக்குக் காட்டின நடிப்போ?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

"நடிப்பில்லை. சிரிப்பு வந்தது, சிரிச்சன். அந்த மூக்குத் தொடுற கள்ளச் சைகையே அண்ணையும் நானும் சின்னனில செய்தது. விளையாடேக்க அவர் பக்கத்தில இருந்த மாதிரித்தான் இருந்தது."

கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு கோடு போட்ட பக்கத்தை எடுத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கி வாசித்தார். அந்த வரியை வெட்டுவதா விடுவதா என்று எனக்கு விளங்கவில்லை. அந்த மனிதனைப் படியிறக்கியது சிரிப்பா, சாவா, அண்ணன் மேலிருந்த பாசமா? இத்தனை வருடமாகியும் எனக்கு விடை தெரியாது. ஆட்டு இருதயத்தை வெட்டும்போது அந்தக் கேள்வி கேட்கும் பிள்ளையை அதற்குப் பிறகு நான் தமிழ் ரீச்சரிடம் அனுப்பவில்லை.

"பக்கத்தில அண்ணை எண்டு எழுதும்" என்றார்.

எழுதினேன். அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும்தான் அவர் உடைந்தார். வாய்விட்டு, தோள் குலுங்க அழுதார். என் கை பழக்கத்தில் அவருடைய மணிக்கட்டுக்குப் போனது, கண் சுவர் மணிக்கூட்டுக்குப் போனது.

"எண்ணாதையும்" என்றார்.

நான் எண்ணவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.