பிரேக் ரப்பர் தேய்ந்த இறக்கம்

அன்று மலைப்பாதையில் இருந்தவர்கள்: நான். என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். ஏலக்காய்த் தோட்டத்து மேஸ்திரி. வேறு ஆள் கிடையாது.

நான் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் ரூமில் ஒன்பது வருஷம். மச்சானும் அதே வேலைதான், வேறு கம்பெனியில். மேஸ்திரி அடிவாரத்துக்காரர். ஐம்பது வயசு இருக்கும். குடையைச் சட்டைக் காலரில் பின்பக்கமாக மாட்டிக்கொண்டு நடப்பார். அவருக்குப் பட்டாசு என்றால் தீபாவளிக்குப் பிள்ளைகள் போடுவது, அவ்வளவுதான்.

தீபாவளி முடிந்தால் கம்பெனி ஒரு மாசம் அடைப்பு. மழையும் சேர்ந்துகொள்ளும். எங்கள் ஊர் எம். புதுப்பட்டியில் ஆட்கள் டீக்கடையில் உட்கார்ந்து பேசுவார்கள், சீட்டுப் போடுவார்கள். எனக்கு உட்கார வராது. விடிந்ததும் கால் கம்பெனி வேனைத் தேடும். வேன் வராது என்று தெரியும். ஆனாலும் பஸ் ஸ்டாப் வரை போவேன், திரும்பி வருவேன், மறுபடி போவேன். டீக்கடையில் ஒருத்தன், "என்னண்ணே, ரோட்ட அளக்குறீகளா?" என்றான். நடந்துகொண்டே இருந்தேன்.

அந்த வருஷம் கூடுதலாக ஒரு காரணம் இருந்தது. புரட்டாசியில் பக்கத்துக் கம்பெனியில் ஒரு சத்தம். எங்கள் கம்பெனி இல்லை. ஊருக்குள் இருப்பவர்களுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும், எந்தக் கம்பெனி என்று தெரியாது. என் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு செருப்பில்லாமல் எங்கள் கேட் வரை ஓடி வந்தாள். நான் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். பார்த்தாள். அழவில்லை, திட்டவில்லை. அப்படியே திரும்பி நடந்தாள். ஒரு வாரம் கழித்து அவள் அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள்: "தீவாளி களிஞ்சு இவுக அந்த ரூமுக்குள்ள போகக்கூடாதுண்ணே. வேற வேல எதுன்னாலும் சரி."

மச்சான் விசாரித்தார். லோடு வேன் ஓட்டுகிற ஒருத்தர் மூலமாகத் தோட்டத்து வேலை தெரியவந்தது. மலை மேல் ஏலக்காய்த் தோட்டம். பதினாலு குடும்பம் அங்கேயே இருக்கிறது. ஜீப் அடிவாரத்து ஷெட் வரைதான் போகும். அதற்கு மேல் ஆறு கிலோமீட்டர் கோவேறு கழுதை நடந்து போட்ட பாதை. கழுதை செத்துப்போனது. மண்ணெண்ணெய், அரிசி, மருந்து, கடிதம் எல்லாம் தினமும் மேலே போக வேண்டும். ஏலக்காய் மூட்டை கீழே வர வேண்டும். சைக்கிளில் ஓட்ட முடியுமா என்று பார்க்கிறார்கள்.

சைக்கிள் என்னிடம் இருந்தது. சாதாரணச் சைக்கிள் இல்லை. முதலாளி மகன் வெளியூரிலிருந்து கொண்டுவந்த டூரிங் சைக்கிள். ஹேண்டில் கிடாக் கொம்பு போல வளைந்திருக்கும். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. முன்னும் பின்னும் கேரியர், இரண்டு பக்கமும் பை மாட்டலாம். அவர் அதில் ஒருமுறை கன்னியாகுமரி போய் வந்தார். அப்புறம் தொடவில்லை. அட்டைப்பெட்டி கோடவுனில் கிடந்தது. இடத்தை அடைக்கிறது, எடுத்துட்டுப் போ என்றார்கள். எடுத்துக்கொண்டேன். ரிம் இரண்டும் கோணியிருந்தன. சிவகாசியில் ஒரு கடைக்காரர் இரும்பு ரிம் போட்டுக் கொடுத்தார். அந்த மாடலுக்குப் பிரேக் ரப்பர் கிடைக்கவில்லை. பழைய லாரி டயரில் துண்டு வெட்டி, இரும்புக் கூட்டுக்குள் வைத்து இறுக்கினார். "இது நெடுநாளு வரும்" என்றார்.

அன்று சோதனை ஓட்டம், மேஸ்திரி சரி என்றால்தான் வேலை. பொழுது விடிகிறபோது அடிவாரத்தில் இருந்தோம். மச்சான் அவருடைய சைக்கிளை ஷெட்டில் போட்டுவிட்டு நடந்தே வந்தார். அவரை அனுப்பியது என் மனைவி.

ஏற்றத்தில் இரண்டு கேன் மண்ணெண்ணெய், ஒரு சிப்பம் அரிசி. சின்னப் பல்லில் போட்டு மிதித்தேன். கால் பத்துச் சுற்று சுற்றினால் சைக்கிள் இரண்டு முழம் நகர்ந்தது போல இருக்கும். எங்கும் உருண்டைக்கல். மழைத்தண்ணீர் பாதை நடுவில் வாய்க்கால் வெட்டியிருந்தது. பெரிய கல் வந்தால் இறங்கித் தள்ளுவேன். கல் தாண்டியதும் ஏறுவேன். நிற்கப் பிடிக்கவில்லை. மேஸ்திரி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் இருப்பா, கழுதைகூட இந்த முடக்குல நிக்கும்" என்றார். முடக்கு என்றால் அங்கே வளைவு.

மச்சான் சொன்னார், "நிக்கச் சொன்னா அவனுக்குக் காச்சல் வந்துரும் அண்ணாச்சி. ஓட விடுங்க."

பாதி வழியில் ஒரு வளைவில் மேஸ்திரி பள்ளத்தைக் காட்டினார். கழுதை விழுந்த இடம். பன்றி குறுக்கே ஓடியதாம். கயிற்றைப் பிடித்திருந்தவன் பயந்து கையை விட்டுவிட்டான். "அன்னைக்குச் சுமையில ஒரு பிள்ளைக்குக் காச்சல் மருந்து இருந்துச்சு" என்றார். குடையைச் சரிசெய்துகொண்டு நடந்தார். நான் மறுபடி ஏறி மிதித்தேன்.

மேலே கேனை இறக்கினேன். டீ கொடுத்தார்கள். நின்றபடி குடித்தேன். ஏலக்காய் மூட்டையை நானே கட்டினேன். முடிச்சை மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினேன். மேஸ்திரி முகத்தில் திருப்தி தெரிந்தது. "ஏத்தத்துக்கு ஆளு சரி. எறக்கத்தப் பாப்போம்" என்றார்.

இறக்கத்தில்தான் வந்தது வினை.

ஈரமண்ணும் மணலும் ரிம்மில் ஒட்டி அரைத்துக்கொண்டே வந்திருக்கிறது. லாரி டயர்த் துண்டு இரண்டு கிலோமீட்டருக்குள் கரைந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. மரம் அடைத்து இருட்டாக இருந்த ஒரு வளைவில் பின்பிரேக்கை அழுத்தினேன். இரும்பில் இரும்பு பட்டது. கால் பக்கத்தில் பொறி பறந்தது.

கம்பெனியில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். பொறி கண்டால் கையில் இருப்பதைப் போடு. திரும்பிப் பார்க்காதே. ஓடு. ஒன்பது வருஷமாகத் தினமும் காலையில் போர்மேன் அதைச் சொல்லித்தான் ரூம் கதவைத் திறப்பார்.

போட்டேன். ஓடினேன். "ஓடுங்க!" என்று கத்தினேன். முப்பது அடி மேலே ஓடிக் குப்புறப் படுத்து, காதைப் பொத்தினேன். சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தேன். பக்கத்தில் இன்னொரு ஆள் குப்புறப் படுத்துக் காதைப் பொத்தியிருந்தார். மச்சான்.

மேஸ்திரி நின்ற இடத்திலேயே நின்றார். குடையைக் காலரிலிருந்து எடுத்துக் கையில் ஓங்கி வைத்திருந்தார்.

"எங்கன? ஆனை எங்கன நிக்குது?" என்றார்.

மச்சான் தலையைத் தூக்காமல், "ஆனை இல்ல அண்ணாச்சி. பொறி" என்றார்.

"என்ன பொறி?"

"பிரேக்குல."

மேஸ்திரி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். சைக்கிள் ஓரத்துப் புதரில் மூட்டையோடு தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் பள்ளம்.

"சைக்கிளுப் பொறிக்கா இந்த ஓட்டம்?"

மச்சான் எழுந்து உட்கார்ந்தார். நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்: "நீங்க ஏன் அண்ணாச்சி ஓடல?"

"நான் எதுக்குடா ஓடணும்?"

மச்சான் சிரித்துவிட்டார். எனக்கும் வந்தது. மேஸ்திரிக்கு வரவில்லை. பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் எங்களுக்கும் நின்றுபோனது.

சைக்கிளை இழுத்து மேலே போட்டோம். ஹேண்டில் கொஞ்சம் திரும்பியிருந்தது. முன்சக்கரத்தைக் காலிடுக்கில் வைத்து நேராக்கினேன். மச்சான் தன் செருப்பைக் கழற்றி, "அருவா இருந்தாக் குடுங்க அண்ணாச்சி, ரப்பரு வெட்டி வச்சிருவோம்" என்றார்.

"செருப்பப் போடு" என்றார் மேஸ்திரி. "இன்னைக்கு ரப்பரு வைப்ப. மழையில நாளைக்கும் தேயும். அப்பம் பொறி வரும். பின்னால மண்ணெண்ண இருக்கும், மருந்து இருக்கும். அப்பமும் போட்டுட்டு ஓடுவானா?"

மச்சான் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

அவர் என்னிடம் சொன்னார்: "இந்தத் தடவை கணக்குல இல்ல. தெரியாம நடந்தது. இங்கேருந்து ஷெட்டு வரைக்கும் இதே பிரேக்குல எறங்கு. நான் குறுக்குப் பாதையில போயிருவேன், ஒன்னையப் பாக்க மாட்டேன். மூணு தரம் வரைக்கும் கைய விட்டா பொறுத்துக்கிடுதேன், பளகிருவ. அதுக்கு மேல விட்டா இந்த வேல ஒனக்கு வேண்டாம்ப்பா. எத்தன தரம்னு நீயே சொல்லு. நீ சொல்றதுதான்."

குடையைக் காலரில் மாட்டிக்கொண்டு மரத்துக்கு நடுவில் இறங்கிப் போய்விட்டார்.

ஏறினேன். மச்சான் பத்தடி பின்னால்.

அடுத்த வளைவிலேயே விட்டேன். இது வெறும் பிரேக், ஒன்றும் ஆகாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் அழுத்தினேன். சொல்லி முடிக்கிறதற்குள் கை திறந்திருந்தது. சைக்கிள் என் முழங்காலில் சாய்ந்து விழுந்தது.

"ஒண்ணு" என்றார் மச்சான்.

"தெரியும்."

அப்புறம் நாலு வளைவு சரியாக இறங்கினேன். சக்கரத்தைப் பார்க்கவில்லை. தூரத்தில் தெரிந்த கண்மாயைப் பார்த்தேன். கிரீச் கிரீச் என்று சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டேன். உள்ளங்கை வேர்த்து ஹேண்டில் வழுக்கியது. துண்டை எடுத்துச் சுற்றினேன், அது சிக்கியது, தூக்கிப் போட்டேன். நின்று ஓட்டினேன், உட்கார்ந்து ஓட்டினேன். எப்படி இருந்தாலும் உடம்பு சைக்கிளில் நிற்கவில்லை.

நாவல் மரத்தடியில் இருட்டு. பொறி பெரிதாகத் தெரிந்தது. விட்டேன். இரண்டு எட்டு ஓடினேன். இரண்டு எட்டுத்தான்.

மூன்றாவது தரம் பொறியே இல்லை. சூடான இரும்பு வாடை வந்தது. மூக்குக்குத் தெரிந்ததும் கை விட்டுவிட்டது. மச்சான் ஓடி வந்து சைக்கிளைப் பிடித்தார்.

"மாப்ளே," என்றார், "இனிமே ஒண்ணுகூட ஆகாது. கண்ண மூடிக்க."

"கண்ண மூடிட்டு மலையில எறங்கவா?"

"அப்பம் தெறந்து வச்சிக்க. கைய மட்டும் விட்டுறாத."

அதன் பிறகு எத்தனை வளைவு என்று எண்ணவில்லை. விடவில்லை. ஒரு இடத்தில் பொறி கணுக்காலில் சுட்டது. விடவில்லை. பாதை அகலமாகி, ஷெட்டின் தகரக்கூரை தெரிந்தது. மச்சான் பின்னாலிருந்து விசிலடித்தார்.

கடைசி வளைவுக்கு முந்தின வளைவு. பின்பிரேக்கை அழுத்தினேன். பொறி வந்தது. இரண்டு கையும் விரிந்தன. அதே வேகத்தில் திரும்பி வந்து பிடித்தன. சைக்கிள் விழவில்லை. சாயக்கூட இல்லை. நான் சீட்டில்தான் இருந்தேன்.

நிறுத்தினேன். மச்சான் முன்னால் வந்து நின்றார்.

"அது கணக்கில்ல" என்றார்.

"கை விட்டுச்சு."

"விழலயே. விழாம எப்படிக் கணக்காகும்?"

"விழுறதக் கேக்கல அவரு. கைய விட்டியான்னுதான் கேட்டாரு."

"கண்ண மூடி முளிக்கிற நேரம்லே அது! நான் பின்னால வந்தேன், எனக்கே சரியாத் தெரியல. அவருக்கு எங்க தெரியப் போகுது?" குரலைத் தாழ்த்தினார். "என் தங்கச்சிகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்ல? மூணுன்னு ஒரு சொல்லு சொல்லு மாப்ளே. ஒரு மாசத்துல கை தானாப் பளகிரும்."

பழகியிருக்கும். அது பொய் இல்லை. அவள் கேட்டில் நின்று பார்த்த பார்வையை நினைத்தேன். பாதை ஓரத்தில் அந்த இடத்திலும் பள்ளம்தான். மறுபடி மிதித்தேன்.

மேஸ்திரி ஷெட் வாசலில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து மூட்டையைச் சுற்றிப் பார்த்தார். கிழியவில்லை. நனையவில்லை. முடிச்சு அப்படியே இருந்தது. தலையாட்டினார். ரிம்மைத் தொட்டுவிட்டு, சுட்டதும் கையை உதறினார்.

"எறங்கிட்டியே. பரவால்லப்பா. எத்தன தரம் விட்ட?"

மச்சான் என் காலை மிதித்தார். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு மிதித்தார்.

"நாலு" என்றேன்.