சுரங்கச் சுவரில் ஈரத்துணி

என் டைரியில் மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே வரிதான்: "சுரங்கத்துக்குள் போய் வந்தோம். படம் எடுக்கவில்லை." எந்த பஸ்ஸில் போனேன், எங்கே டீ குடித்தேன் என்பதுவரை எழுதிவைக்கிறவன் நான். அன்றைக்கு அதற்கு மேல் கை ஓடவில்லை.

உடன் வந்தவர் மாதனூர்க்காரர். ஆம்பூரில் நான் தோல் தரம் பிரிக்கும் கம்பெனியிலேயே தையல் பிரிவில் இருக்கிறார். அவருடைய அப்பா ஆந்திர எல்லைக்கு அப்பால் ஒரு தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அதை மூடிய அன்று, உள்ளே டீ குடிக்கும் இடத்துச் சுவரில் சாக்பீஸால் தன் பெயரை எழுதிவிட்டு வந்ததாக வீட்டில் சொல்லியிருந்தார். அவர் இப்போது இல்லை. அந்த எழுத்தைப் படத்திலாவது பார்க்க வேண்டும் என்று நண்பரின் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பழைய சுரங்கங்களைப் பற்றி நிறையப் படித்தவன் என்பதால் நண்பர் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்.

மலைச்சரிவிலிருந்து படுக்கையாக உள்ளே போகும் பாதை. துருப்பிடித்த தண்டவாளத்தை ஒட்டிச் சேற்றுத் தண்ணீரில் குனிந்தே நடந்தோம்.

"ஏசி கணக்கா இருக்குதுண்ணா. எங்க சூப்பர்வைசரை இங்கயே உட்டுட்டுப் போலாம்" என்றார்.

பாதை அகலமான இடம் காய்ந்திருந்தது. டார்ச் அடித்தால், சுவரில் தூசிக்கு அடியில் வெள்ளைக் கோடுகள்.

"இதான்ணா. போட்டோ எடுங்க. அம்மா போனைக் கையிலயே வச்சினு உக்காந்திருக்கும்."

"இருப்பா, இன்னா அவசரம்? தெளிவா வரட்டும்."

தோலில் முத்திரை மங்கியிருந்தால் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுப்போம்; எழுத்து மேலே எழும்பி வரும். கை அதற்குத்தான் பழகியிருந்தது. பாட்டில் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்துச் சுவரைத் துடைத்தேன். தூசி போயிற்று. வெள்ளையும் போயிற்று.

அவர் திட்டியிருந்தால் தேவலை. வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா பேருதானேண்ணா இருந்துச்சு?"

"ஆமா" என்றேன்.

வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டார். "இருந்துச்சும்மா. அண்ணன் படிச்சாரு. உள்ள இருட்டு ஜாஸ்தி, போட்டோதான் வரல." என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. போனை என்னிடம் நீட்டினார்.

"நல்லா தெரிஞ்சுதாப்பா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"தெரிஞ்சுதும்மா."

துடைப்பதற்கு முன் நான் படித்தது முதல் எழுத்தை மட்டும்தான். நண்பருடைய அப்பா பெயருக்கும் அதுதான் முதல் எழுத்து; ஆனால் அந்த எழுத்தில் தொடங்கும் பெயர்கள் எத்தனையோ. சுவரில் இருந்தது அவருடைய பெயர்தானா என்பது சரிபார்க்கப்படவில்லை.