வெள்ளிக்கிழமை மட்டும் கெட்ட போன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பாளையங்கோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டில் நடந்தது இது. கணவர் மஸ்கட்டில் வேலையில் இருந்தார். மகளுக்கு அப்போது பத்து மாதம். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே பேசட்டும் என்று, விடுமுறைக்கு வந்தபோது எனக்காக ஒரு கார்ட்லெஸ் போன் வாங்கி வந்திருந்தார். அங்கே வெள்ளிதான் விடுமுறை. அன்று மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுவார். எங்கள் வழக்கப்படி வியாழன் மாலையே வீட்டைத் துடைத்து, நிலைக்கும் பீரோவுக்கும் பொட்டு வைக்கும்போது, புதுப் போனுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து அழகு பார்ப்பேன்.

முதல் மாதமே தொல்லை தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை பேச எடுத்தால் இரைச்சல், பிறகு கீச்கீச்சென்று ஒரு சத்தம், அதோடு கட். ஏரியலை முழுக்க இழுத்துப் பார்த்தேன். டிவியை விட்டுத் தள்ளி வைத்தேன். மொட்டை மாடிக்கு ஓடினேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஒருநாள் மகள் முதன்முதலாக "ப்பா" என்றாள். வாயருகே போனைக் கொண்டுபோவதற்குள் அது செத்துவிட்டது.

புகார் கொடுத்தால் திங்கள்கிழமை லைன்மேன் அண்ணாச்சி சைக்கிளில் வருவார். ஐம்பது வயதிருக்கும். அவர் எடுத்துப் பேசும்போது போன் கணீரென்று கேட்கும். மூன்று முறை இப்படியே. மூன்றாம் முறை கம்பத்திலிருந்து இறங்கி வந்து சிரித்தார்.

"தாயி, லைன்ல ஒரு கொறையும் இல்ல. வெள்ளிக்கெழம மட்டும் லைன் கெடுமா? ஒங்க வீட்டுலதான் வெள்ளிக்கெழம என்னமோ நடக்கு. பைய யோசிச்சுப் பாருங்க."

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. கணவர் ஊரில் இல்லாத வீடு. என்ன நடக்கிறது என்று கேட்க இவர் யார்? கீழ்வீட்டு அக்காவிடம் சொன்னேன். "ஏளா, சும்மாவா விட்ட? டெலிபோன் ஆபீசுக்கு எழுதிப் போடு. அப்பதான் புத்தி வரும்" என்றாள். எழுதினேன். வேலை தெரியாதவர் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். தனியாக இருக்கும் பெண்ணிடம் தகாத முறையில் பேசினார் என்றும் எழுதினேன். படித்தவள் அல்லவா, வாக்கியம் நன்றாகவே அமைந்தது.

அடுத்த மாதம் வேறொருவர் வந்தார். "அண்ணாச்சிய திசையன்விளைக்கு மாத்திட்டாங்கம்மா. ஏதோ பொம்பள புகாராம்" என்றார். கடிதம் எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை வழக்கம்போல் பொட்டு வைத்துவிட்டுப் போனை, அதற்கு சார்ஜ் ஏற்றும் தொட்டிலில் உட்கார வைத்தேன். மற்ற நாட்களில் எரியும் சின்னச் சிவப்பு விளக்கு எரியவில்லை. சார்ஜ் நிறைந்தால் அணைந்துவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஏனோ அன்று சந்தேகம் வந்து, தொட்டிலைத் துணியால் துடைத்து மறுபடி வைத்தேன். எரிந்தது. தொட்டிலின் உள்ளே, அடியில், போனுக்கு சார்ஜ் ஏறும் இரண்டு பித்தளைப் புள்ளிகள் இருந்தன. பொட்டு வைக்கவே செய்த இடம் போல இருக்கிறதே என்று நான்தான் வாராவாரம் அவற்றின் மேல் சந்தனம் அப்பியிருக்கிறேன். வெள்ளி மாலைக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சந்தனம் காய்ந்து உதிரும். திங்களன்று அண்ணாச்சி வரும்போது எல்லாம் சரியாக இருக்கும்.

என் வீட்டில் வெள்ளிக்கிழமை என்னமோ நடக்கத்தான் செய்தது.

தவறு என்னுடையது என்று உடனே இன்னொரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. அலுவலகத்தில் சிரிப்பார்களே, கணவர் என்ன நினைப்பார் என்று தயங்கித் தயங்கியே அது பீரோவில் துணிகளுக்கு அடியில் போய்விட்டது.

ஒரு வருடம் கழித்து, மகளோடு பஸ் நிலையத்துக்குப் போனபோது அண்ணாச்சியைப் பார்த்தேன். திசையன்விளை பஸ்ஸுக்காக, கையில் தூக்குவாளியோடு நின்றார். மறைந்துகொள்ளலாமா என்று யோசிப்பதற்குள் அவரே வந்துவிட்டார்.

"போன் இப்பம் நல்லா கேக்கா தாயி?"

"கேக்கு அண்ணாச்சி."

"பிள்ள பேசுதாளா?"

"நல்லாப் பேசுதா."

"அது போதும்" என்று சொல்லி, மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டு பஸ் ஏறினார். சொல்லிவிட வேண்டும் என்று என் வாய் திறந்தது. பஸ் கிளம்பிவிட்டது.

இப்போது பொட்டு போனின் முதுகில்தான்; அது ஒருநாளும் கட்டாவதில்லை. ஆனால் வியாழன்தோறும் சந்தனக் கிண்ணத்தோடு அதன் முன் நிற்கும்போது, அன்று அவரிடம் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரியை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்க்கிறேன்.