பதினொரு மணி பஸ்ஸில் வந்த கணக்கு

செவ்வாய், காலை 8.40. தருமபுரி பேருந்து நிலையம். இங்கிருந்து ஒகேனக்கல் நாற்பத்தாறு கிலோமீட்டர். டிக்கெட் நாலு ரூபாய் அறுபது காசு. வருடம் 1986, மாசி மாதம், காவிரியில் தண்ணீர் இறங்கியிருக்கும் காலம். என் பையில் இருந்தவை: அச்சிட்ட படிவம் இருபது, கார்பன் தாள் நாலு, மீனின் நீளம் அளக்கும் பலகை ஒன்று, பத்துக் கிலோ வரை காட்டும் ஸ்பிரிங் தராசு ஒன்று, மாற்றுச் சேலை ஒன்று. சேலைக்கு அவசியம் இல்லை. அலுவலகம் தட்டச்சு செய்து கொடுத்த பயணத் திட்டப்படி பதினொரு மணிக்கு ஒகேனக்கல் போய், மாலைக்குள் நான் தருமபுரி திரும்பிவிட வேண்டும். எங்கே போனாலும் ஒரு சேலை எடுத்துக்கொள்வது என் பழக்கம்.

நான் திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரைச் சேர்ந்தவள். மீன்வளம் படித்துவிட்டு எட்டு மாதமாகக் கடலோரத்தில் கணக்கெடுக்கும் வேலை. எத்தனை படகு கரைக்கு வந்தது, என்ன மீன், எத்தனை கிலோ என்று எழுதி அனுப்புவோம். சில கரைகளில், சில நாட்களில் எடுத்த கணக்கைப் பெருக்கி முழுக் கடலுக்கும் ஒரு தொகை போடுவார்கள். எத்தனை விசைப்படகுக்கு உரிமம், எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்பதெல்லாம் அந்தத் தொகையைப் பார்த்துத்தான் முடிவாகும். அதே முறையை ஆறுகளுக்கும் நீட்டியிருந்தார்கள். தருமபுரிக்கு ஆள் இல்லை என்று இரண்டு வாரத்துக்கு என்னை அனுப்பினார்கள். ஆளை அனுப்பியவர்கள் படிவத்தை மாற்றவில்லை. கரையிலிருந்து எத்தனை கடல் மைல், ஆழம் எத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறடி), இயந்திரத்தின் குதிரைத்திறன் எவ்வளவு என்று காவிரிக்கும் அதே கேள்விகள்.

கண்டக்டர் என் தராசைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

“மீன் கணக்குங்களா மேடம்? போன வருசம் ஒரு சார் வந்தாரு. இதே சீட்டுலதான் உக்காந்திருந்தாரு. ரெண்டு மணி வண்டிக்கே திரும்பிட்டாரு.”

அவ்வளவு சீக்கிரமா முடிந்தது என்று கேட்டேன். அவருக்கும் அதே சந்தேகம் இருந்ததாம். கேட்டதற்கு, இங்கே எழுத ஒன்றும் இல்லை என்றாராம்.

9.50. பென்னாகரம். பஸ் பதினைந்து நிமிடம் நின்றது. தக்காளிக் கூடைகள் இறங்கின, இரண்டு ஆட்டுக்குட்டிகளும் அவற்றின் சொந்தக்காரரும் ஏறினார்கள். அதன்பின் சாலை காட்டுக்குள் இறங்குகிறது. காய்ந்த மூங்கில், பாறை, வளைவு, மறுபடி மூங்கில். ஆடுகளில் ஒன்று என் படிவக் கட்டை முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பிக்கொண்டது.

11.05. ஒகேனக்கல். அருவிச் சத்தம் பஸ் நிற்கும் இடத்திலேயே கேட்கிறது. பரிசல் துறையில் பதினேழு பரிசல்கள் இருந்தன. பரிசலைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெரிய மூங்கில் கூடை, அடியில் எருமைத்தோலோ தார் பூசிய பிளாஸ்டிக் சாக்கோ ஒட்டியிருக்கும், ஒரே துடுப்பு. முழு வட்டம். என் படிவம் படகின் நீளம் என்ன, அகலம் என்ன என்று கேட்டது. இரண்டு கட்டத்திலும் ஒரே எண்ணை எழுதினேன்.

எல்லாப் பரிசலிலும் சுற்றுலா வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அல்லது உட்காரப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவரிடம் போய், இது மீன்பிடிக்கிற பரிசலா என்று கேட்டேன். பெயர் முனுசாமி என்றார்.

“இல்லைங்க மேடம். சவாரி மட்டுந்தான்.”

அடுத்தவரும் அதையே சொன்னார். எட்டுப் பேரைக் கேட்டேன். எட்டுப் பேரும் ஒரே பதில். வலை எங்கும் கண்ணில் படவில்லை. மீன்பிடி கலங்கள்: பூஜ்யம். பிடிபட்ட அளவு: பூஜ்யம். முந்தைய மூன்று ஆண்டுகளின் நகல்கள் என்னிடம் இருந்தன. அவற்றிலும் பூஜ்யம்தான். ஒத்துப்போகிறது என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. அதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன்.

12.30. பசி. துறைக்கு மேலே வரிசையாக மீன் வறுவல் கடைகள். முதல் கடையில் சோறு ஒன்றரை ரூபாய், இரண்டு துண்டு வறுத்த மீன் இரண்டரை ரூபாய். கடைக்காரம்மா பெயர் மாதம்மாள். மிளகாய் அரைத்துத் தடவி, கல்லில் போட்டு, எலுமிச்சையைப் பிழிந்து வைத்தார். கெண்டை மீன். நல்ல ருசி. நான் கை கழுவி வருவதற்குள் அவர் பெஞ்சில் கிடந்த என் படிவத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது வரை படித்தவராம்.

“மீனு பிடிக்கறதில்லைன்னு எழுதியிருக்கீங்களே. அப்ப நீங்க இப்பத் தின்னது என்னாங்க?”

மேட்டூர் அணை மீனாக இருக்கும் என்றேன். அவர் கரண்டியைக் கல்லின் ஓரத்தில் வைத்தார்.

“மேட்டூரு மீனுன்னா ஐஸ் பொட்டியில வரணும். இந்தக் கடைத்தெருவுல எங்க ஐஸ் இருக்குதுன்னு காட்டுங்க பாக்கலாம்.”

நான் சுற்றிப் பார்த்தேன். ஐஸ் இல்லை. கூடையில் வறுக்காமல் இருந்த மீனைத் தொட்டுப் பார்த்தேன். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, பிடித்து ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாத மீன். இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு நாலு வருடம் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். வறுவலாகத் தட்டில் வந்ததால் பாடம் மறந்துவிட்டது.

“போன வருசத்து சாரும் இதே பெஞ்சுலதான் குந்தியிருந்தாரு,” என்றார் மாதம்மாள். “ரெண்டு பிளேட்டு. அவரும் இல்லைன்னுதான் எழுதிட்டுப் போனாரு.”

பிறகு அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவருக்கு அழைத்துப் போனார். அங்கே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அருவிக்குக் கீழே மூன்று கிலோமீட்டர் ஆறு ஐந்து வருடக் குத்தகைக்கு ஏலம் விடப்படுகிறது. ஏலம் எடுத்தவரைத் தவிர மற்றவர் அங்கே வலை போடக் கூடாது. ஆட்சேபம் இருந்தால் வெள்ளி மாலை ஐந்துக்குள் தருமபுரியில் எழுத்தில் தர வேண்டும். காரணமும் அச்சாகியிருந்தது: ‘கணக்கெடுப்பின்படி மீன்பிடிப்பு ஏதும் நடைபெறாத நீர்ப்பகுதி.’

யாருடைய கணக்கெடுப்பு? எங்களுடையதுதான். மூன்று பூஜ்யங்கள் சேர்ந்து ஓர் ஆற்றைக் காலி ஆறாக்கிவிட்டன. நாலாவது பூஜ்யம் என் கையில், இன்னும் மை காயாமல்.

3.00. சவாரி முடித்து வந்த முனுசாமியை மாதம்மாள் கடைக்கே வரவழைத்தார். அவர் இவருடைய கணவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“இந்தம்மாகிட்ட சவாரி மட்டுந்தான்னு சொன்னியாமே. மூணு வருசமா இதையே சொல்லிச் சொல்லித்தான் ஆறு போவுது.”

அவர் என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார். பஞ்சாயத்துத் தரும் பர்மிட் சவாரிக்கு மட்டும். அதே பரிசலில் மீன் பிடிக்கிறோம் என்று அரசாங்கத்து ஆளிடம் சொன்னால் பரிசலைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று எல்லோருக்கும் பயம். மாலையில் வலை போட்டுவிட்டு வருவார்கள். விடியுமுன் போய் எடுப்பார்கள். ஏழு மணிக்குள் பரிசலைக் கழுவி, வலையைப் பாறைக்குப் பின்னால் காயப்போட்டு, எட்டு மணிக்குச் சவாரிக்கு நிற்பார்கள். பதினொரு மணி பஸ்ஸில் இறங்குகிற எவருக்கும் அது சவாரிப் பரிசல்தான். அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

என் பயணத் திட்டத்தைத் தயாரித்தவர் ஒரு முறையாவது விடியற்காலையில் இந்த ஆற்றைப் பார்த்திருப்பாரா என்று நினைத்தேன். கடலில் படகு எப்போது கரை சேரும் என்று தெரிந்துகொண்டு அந்த நேரத்துக்குப் போய் நிற்பதுதான் இந்த வேலையின் முதல் விதி. இங்கே கணக்கெடுக்கும் நேரத்தைத் தீர்மானித்தது தருமபுரி பஸ் அட்டவணை.

மாதம்மாள் சொன்னார்: “எங்க வூட்ல படுத்துக்குங்க. காலையில நீங்களே வந்து பாத்துட்டு, அப்புறம் இல்லைன்னு எழுதுங்க.”

சேலை பயன்பட்டது.

புதன், காலை 5.10. துறைக்குக் கீழே மணல். இருட்டு முழுதாகப் பிரியவில்லை. முதல் பரிசல் சுழன்றுகொண்டே வந்து ஒதுங்கியது. முனுசாமி இறங்கி, ஈர வலையை உதறினார். பின்னாலேயே மற்றவை. ஒவ்வொருவரும் மீனை மணலில் கொட்டியதும், கடைக்காரப் பெண்கள் குனிந்து பொறுக்கினார்கள். ஒரு பெண் சின்ன மீனைத் தள்ளி வைத்து, இதை உன் பெண்டாட்டிக்கே கொடு, பல் குத்திக்கொள்ளட்டும் என்றார். பரிசல்காரரும் சளைக்காமல், பெண்டாட்டிதான் இவ்வளவு பெரியதே போதும் என்று சொல்லி அனுப்பினாள் என்றார்.

கடலில் ஐந்து படகுக்கு ஒன்றை எடுத்து எடை போட்டால் போதும் என்பது விதி. நான் பதினேழையும் எடை போட்டேன். கெண்டை, கெளுத்தி, ஆரல், விரால், கொஞ்சம் ஜிலேபி கெண்டை. மொத்தம் எழுபத்தொன்றரைக் கிலோ. ஒரு காலைப்பொழுதில், காலி ஆற்றிலிருந்து.

6.40. எடை எழுதினேன். இனிக் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் அலுவலகம் இதை என் கற்பனை என்று சொல்லும். கலத்தின் உரிமையாளர் கையெழுத்து என்று படிவம் கேட்டது. பதினேழு பேரும் பின்வாங்கினார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒரு கையெழுத்தால் பரிசலே போய்விடும் என்றால் நானும் போட மாட்டேன்.

படிவத்தை மேலிருந்து கீழே மறுபடி படித்தேன். பதினான்காவது கட்டம்: ‘கரையில் வாங்குபவர் பெயர், ஒப்பம்.’ கடலில் மொத்த வியாபாரிக்காக வைத்த கட்டம் அது. அதை மாதம்மாளிடம் படித்துக் காட்டினேன்.

“மீனு வாங்கறதுக்குப் பர்மிட் வேணுமா?”

வேண்டாம் என்றேன்.

“அப்ப எம் பேரைப் போடுங்க. எங்க வாங்கினேன்னு கேட்டா, ஆத்துலன்னு சொல்றேன். ஆத்தைப் புடிச்சு வெச்சுக்கட்டும்.”

கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பின் பத்துப் பெண்கள்; நாலு கையெழுத்து, ஆறு கைநாட்டு. யார் எத்தனை கிலோ வாங்கினார் என்பது அவர்களுக்கு விரல்நுனியில் இருந்தது. கூட்டினால் அறுபத்தெட்டுக் கிலோ. மிச்சம் மூன்றரை அவரவர் வீட்டுக் குழம்புக்கு. அந்தக் கடல் படிவத்தில் இந்த ஆற்றுக்குப் பொருந்திய ஒரே கட்டம் பதினான்குதான். கார்பன் நகலை மாதம்மாளிடம் கொடுத்தேன். கொடுக்கலாமா என்று விதியைப் பார்க்கவில்லை.

மதியம் 1.15. தருமபுரி. அதிகாரி என்னை உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார், படிவத்தைப் பார்த்தார். கணக்கெடுப்பு நேரம் பத்து முதல் ஐந்து என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது, நீங்கள் எழுதியிருப்பது ஐந்து பத்து, இதை எப்படிச் சேர்ப்பது என்றார். மீன் ஐந்து பத்துக்குத்தான் கரைக்கு வந்தது என்றேன். அது சரி, படிவப்படி பூஜ்யம் எழுதிவிட்டுத் தனியாக ஒரு குறிப்பு வைத்துவிடுங்கள் என்றார். குறிப்பை யாரும் கூட்டுவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். கோபக்காரர் இல்லை, கெட்டவரும் இல்லை. பதினேழு பரிசலின் சாப்பாட்டை அச்சிட்ட ஒரு வரிக்காக அழிக்க அவருக்குக் கை கூசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அச்சிட்ட நேரத்தின் மேல் ஒரு கோடு இழுத்து, அவர் எதிரிலேயே 5.10 என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன். பூஜ்யம் எழுதிய நேற்றைய படிவத்தில் ‘தவறு’ என்று எழுதி அதையும் இணைத்தேன். பதினொரு பெண்களின் சார்பில் ஓர் ஆட்சேப மனுவும் வைத்து, தபால் பிரிவில் முத்திரை வாங்கிக்கொண்டேன். புதன், மாலை 4.20.

இரண்டு வாரம் முடிந்து ஊருக்குப் போனபோது அப்பா வலை பின்னிக்கொண்டிருந்தார். எங்கள் கரையில் படகுகள் காலை பத்துக்குள் வந்துவிடும். கணக்கெடுக்கிறவர் எப்போது வருவார் என்று கேட்டேன். நாலு மணி பஸ்ஸில் வருவார், ஐஸ் வண்டிக்காரரைக் கேட்டு எழுதிக்கொண்டு போவார் என்றார் அப்பா. சில மாதம் அவரும் வருவதில்லையாம். அப்படி வந்த எண்களை மனப்பாடம் செய்துதான் நான் பரீட்சை எழுதினேன். அந்த எண்களை வைத்துத்தான் எங்கள் கடலில் யாருக்கு இடம் உண்டு என்று தீர்மானிக்கிறார்கள்.

தருமபுரியிலிருந்து கடிதம் அடுத்த மாதம் வந்தது. ஏலம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. மறு கணக்கெடுப்பு நடக்கும். இணைப்பில் பயணத் திட்டம்: பங்குனி கடைசித் திங்கள், தருமபுரி புறப்பாடு காலை 8.40, ஒகேனக்கல் சேர்வது 11.00, திரும்புவது 2.00.

அதே பஸ். என்னை அனுப்பவில்லை. அந்த நேரத்தை ஆட்சேபித்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால், பதினைந்து காசு அட்டை ஒன்றில் மாதம்மாளுக்கும் எழுதினேன்.

‘அக்கா, பங்குனி கடைசித் திங்கள் அன்று மட்டும் காலை மீனை யாரும் வறுக்க வேண்டாம். ஈரச் சாக்கு போர்த்தி, பதினொரு பேரும் அவரவர் பங்கை பஸ் நிற்கிற இடத்திலேயே வாழை இலையில் பரப்பி வையுங்கள். இறங்குகிறவர் அதைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். அவர் எழுதி முடிக்கும்வரை அவருக்குச் சாப்பாடு போடாதீர்கள்.’