கப்பல் தளத்தில் ஒரு வரப்பு

போன மாதம் என் மகன் என்னைச் சொகுசுக் கப்பலில் மூன்று நாள் உல்லாசப் பயணம் அழைத்துப் போனான். பதினோரு மாடி, நான்கு லிஃப்ட், உச்சியில் நீச்சல் குளம். அறையைத் திறக்க ஓர் அட்டை. அதைத் தொலைத்துவிட்டு நான் பட்ட பாடு தனிக் கதை. இத்தனை இருந்தும் மேல்தளத்தில் ஒரு பாய் விரித்துப் படுக்க வழியில்லை. அங்கே நின்ற பணியாளரிடம் கேட்டேன். சாய்வு நாற்காலியைக் காட்டினார். தரையில்தான் படுக்க வேண்டும் என்றதும் எனக்கு உடம்புக்கு என்னவோ என்று பயந்து டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டார்.

நான் முதன்முதலில் ஏறிய கப்பலில் தரைதான் எங்கள் டிக்கெட். அப்போது எனக்கு எட்டு வயது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, கடலுக்குள் தள்ளியே நிற்கும். படகில் போய், ஆடுகிற படிக்கட்டைப் பிடித்து ஏற வேண்டும். பினாங்கில் கடை வைத்திருந்த மாமா எங்கள் மூன்று பேருக்கும் டிக்கெட் அனுப்பியிருந்தார். அத்தைக்குப் பிரசவம், அம்மா துணைக்கு. அப்பாவுக்கு மூன்று மாதம் கடையில் வேலை.

அப்பாவுக்கு ஊரில் வேலை இல்லாமல் போனதற்குக் காரணம் மிராசுதார். அவருடைய மூன்று மா நிலத்தை அப்பா பதினெட்டு வருஷமாகக் குத்தகைக்கு உழுதுவந்தார். எல்லாம் வாய்ப்பேச்சுதான், சீட்டு எதுவும் கிடையாது. ஆட்சி மாறி, குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்ததும் அப்பா மனுப் போட்டார். மிராசுதார் அந்த வருஷம் எங்களை வயலில் இறங்கவே விடவில்லை. நாங்கள் பினாங்கிலிருந்து திரும்பிய பிறகுதான் தாலுகா ஆபீசில் விசாரணை. பெயர் ஏறினால் நிலத்தை விட்டு எங்களை யாரும் கிளப்ப முடியாது.

கப்பலில் ஏறியதும் அவரவர் பாயை விரித்து இடம் பிடித்தார்கள். அப்பா பாதத்தால் அடி வைத்து நீளம் எட்டு, அகலம் ஐந்து என்று அளந்து, என் பள்ளிக்கூடப் பையிலிருந்த சாக்பீஸால் கோடு கிழித்தார். கைப்பிடிக் கம்பியோரம், நல்ல காற்று. தினமும் காலையில் மாலுமிகள் கடல்தண்ணீர் அடித்துத் தளத்தைக் கழுவுவார்கள். கோடு போய்விடும். அப்பா மறுபடி அளந்து மறுபடி போடுவார். எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறார் என்று எனக்கு ஒரே வேடிக்கை.

மணி அடித்தால் தட்டோடு வரிசையில் நிற்க வேண்டும். குளிக்க உப்புத் தண்ணீர், தலைமுடி கயிறாகிவிடும். ஆனால் இரண்டே நாளில் தளத்தில் எந்தக் குழந்தை யாருடையது என்று எனக்கு அத்துப்படி. சொகுசுக் கப்பலில் எதிர் அறையில் இருந்தவர் ஆணா பெண்ணா என்பதுகூடக் கடைசிவரை தெரியவில்லை.

மூன்றாம் நாள் கடல் கொந்தளித்தது. மேல் வகுப்புக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் தள்ளாடி வந்தார். பார்த்தால் எங்கள் மிராசுதார். சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போகிறாராம். அதே கப்பலில் இருந்தது எங்களுக்குத் தெரியாது. கட்டில், மெத்தை, மின்விசிறி எல்லாம் இருந்தும் அடைத்த அறையில் குமட்டல் தாங்கவில்லை. வேட்டியெல்லாம் வாந்தி. எங்கள் கோட்டுக்கு வெளியே நின்று அப்பாவைப் பார்த்தார்.

"இங்க கொஞ்சம் சாஞ்சுக்கட்டுமா?"

அவர் அப்பாவிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பா பாயைத் தட்டிப் போட்டு, "படுங்கய்யா" என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் கஞ்சியும் நார்த்தங்காயும் அவள்தான் கொடுத்தாள். மூன்று நாள் அவர் எங்கள் இடத்திலேயே கிடந்தார். நிலத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா காலை நீட்ட இடமின்றி உட்கார்ந்தே தூங்கினார்.

பினாங்கு சேர்வதற்கு முந்தின நாள், தளம் கழுவி முடிந்தபோது அப்பா வெந்நீர் வாங்கப் போயிருந்தார். பக்கத்துக் குடும்பம் மூட்டையை எங்கள் பக்கம் நகர்த்தத் தொடங்கியது. மிராசுதார் எழுந்து என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினார்.

"உங்கப்பா எத்தனை அடி போடுவாரு, பாப்பா?"

சொன்னேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலால் அடி வைத்து, குனிந்து நாலு பக்கமும் அவரே கோடு கிழித்தார். ஊரில் செருப்பு மாட்டக்கூட ஆள் வைத்திருந்தவர். மூட்டையைத் தள்ளி வைக்கச் சொல்லி, "இது அவரு இடம்" என்றார்.

அப்பா வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வெந்நீரைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டோரமாக மெல்ல நடந்து பார்த்தார். ஓர் அங்குலம் கூடக் குறையவில்லை. பிறகு கடலைப் பார்த்து உட்கார்ந்தார். கண்ணில் நீர் வழிந்தது. உப்புக்காற்று என்றார்.

ஊர் திரும்பியதும் விசாரணை நடந்தது. அப்பா கூலியாள்தான், குத்தகை என்ற பேச்சே கிடையாது என்று மிராசுதார் எழுதிக்கொடுத்தார். அப்பாவின் பெயர் ஏறவில்லை, நிலம் போனது. நான்தான் வீட்டில் உட்கார்ந்து, கப்பலில் சரியாகத்தானே கோடு போட்டார் என்று அழுதேன். அம்மா திட்டித் தீர்த்தாள். அப்பா மட்டும் ஆச்சரியப்படவில்லை.

அன்றைக்குக் கப்பலில் அப்பா அழுதது சந்தோஷத்தில் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். விடிந்ததும் அந்தத் தளத்தைக் கழுவிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.