ரிங் போனதெல்லோ

என் மேசை லாச்சிக்குள் ஒரு பால்மாப் பேணி. பேணிக்குள் அரிசி. அரிசிக்குள் அத்தானின் போன்.

கடல் தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் புதைத்து வைத்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று எங்கோ படித்ததை நம்பி, "ஒரு கிழமையில சுகமாக்கித் தாறன், பாருங்கோ" என்று நான்தான் வாங்கி வந்தேன். அத்தான் என் அக்காவின் கணவர். இலங்கைத்துறையில் மீன்பிடிக்கிறார். சின்னப் படகு, ஒற்றை எஞ்சின், கூட ஒரு ஆள். "எஞ்சினியர் மச்சாளின்ர ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு. பிழைச்சா வரும், இல்லாட்டிச் சோறாகும்" என்று சிரித்தபடி கையில் தந்தார்.

நான் எஞ்சினியர் இல்லை. ஓர்ஸ் ஹில்லில், ஒரு வீட்டின் மேல் மாடியில் இயங்கும் சின்ன நிறுவனத்தில் வேலை. கடற்கரையோர ஹோட்டல்களுக்கு இணையத்தில் ஓடும் தொலைபேசி அமைப்புகளைப் பொருத்திக் கொடுப்போம். "அறை பதிவு செய்ய ஒன்றை அழுத்தவும்" என்று சில இடங்களில் கேட்கும் தமிழ்க் குரல் என்னுடையதுதான். தடிமன் பிடித்து மூக்கடைத்திருந்தபோது பதிவு செய்தது, இன்னும் மாற்றவில்லை. அழைப்பு ஒன்று வந்தால் என் திரையில் ஒரு வரி விழும்: என்ன எண், எத்தனை மணி, எத்தனை விநாடி ரிங் போனது, யார் எடுத்தது. எதை உள்ளே விடுவது, எதை வாசலில் நிறுத்துவது என்று அங்கே சட்டம் போடலாம். சட்டம் போட எனக்குப் பிடித்திருந்தது.

அக்காவுக்கு அந்தக் கோல்கள் வரத் தொடங்கியது சித்திரை வருசத்துக்குப் பிறகு. எடுத்தால் பேச்சில்லை, மூச்சு மட்டும். வெட்டினால் வேறு எண்ணிலிருந்து வரும். அத்தான் கடலுக்குப் போன நாட்களில், அக்கா வீட்டில் தனியே நிற்கும் நேரத்தில் வரும். "பிழையான நம்பராக்கும்" என்று முதலில் சொன்னவள், ஒரு நாள் குரலே மாறிப்போய் எனக்கு அடித்தாள்.

"இண்டைக்கு அவன் கதைச்சவன்."

"என்ன சொன்னவன்?"

"தனியவா நிக்கிறீங்கள் எண்டு கேட்டவன். மரியாதையா, நீங்கள் போட்டுக் கேட்டவனடி."

அந்த 'நீங்கள்'தான் அவளை உலுக்கியிருந்தது. தூசணம் என்றால் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அத்தானிடம் சொல்ல வேண்டாம் என்றாள். சொன்னால் தொழிலை விட்டுவிட்டு வாசலில் கத்தியோடு குந்திவிடுவாராம்.

அடுத்த ஞாயிறே பஸ் ஏறிப் போனேன். அக்காவின் போனில் ஒரு செயலியைப் போட்டு என் திரையோடு இணைத்தேன். பட்டியலில் உள்ளவர்கள் அடித்தால் மணி கேட்கும். இல்லாதவர்கள் அடித்தால் போன் வாய் திறக்காது. ஆனால் அடிப்பவரின் காதில் ரிங் போய்க்கொண்டே இருக்கும். அது என் கெட்டித்தனம். மறித்தது தெரிந்தால் அவன் வேறு வழி தேடுவான். ரிங் போனால் அடித்து அடித்துக் களைத்துவிடுவான்.

"வீட்டில ஒருத்தருமில்லை எண்டு நினைப்பான்" என்றேன் பெருமையாக.

"அப்ப வந்து பாப்பானெல்லோ?" என்றாள் அக்கா.

நான் பட்டியலை மறுபடி சரிபார்த்துக் கொடுத்தேன். என்றாலும் மூச்சுக்காரன் அடங்கினான். அதாவது, அக்காவுக்கு அடங்கினான். என் திரையில் நாளுக்கு நாலைந்து வரிகள் விழுந்தன. மறித்த கோல்களின் பக்கத்தில் முதலில் ஒவ்வொரு வரியையும் படித்தேன். பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் ரிங் கட் பற்றிச் சொல்ல வேண்டும். கடலில் நின்று அத்தான் கதைக்க மாட்டார். எஞ்சின் சத்தத்துக்குள்ளும் காற்றுக்குள்ளும் கதை கேட்காது. சிக்னலும் ஒரு கோடு வரும், போகும். ஆகவே ரிங் விட்டு வெட்டுவார். ஒரு ரிங் என்றால் கரை தெரிகிறது, உலையை வை. இரண்டு என்றால் மீன் நிறைய, கூடையோடு கரைக்கு வா. மூன்றுக்கும் ஒன்று இருந்தது: எஞ்சின் நின்றுவிட்டது, ஆட்களை அனுப்பு. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அந்த மூன்று ஒருமுறைகூட வந்ததில்லை. அத்தானின் எண் பட்டியலில் முதலாவதாக இருந்தபடியால், நான் சட்டம் போட்ட பிறகும் அவருடைய ரிங்குகள் ஒழுங்காகவே வந்தன. அவருடைய போன் என் லாச்சிக்குள் வரும்வரை.

போனை நான் வாங்கி வந்ததன் பின் நாலைந்து நாட்கள் கச்சான் அடித்தது. கச்சான் மேற்கேயிருந்து வரும் காற்று. கரையில் உள்ளதைக் கடலுக்குள் தள்ளும். யாரும் தொழிலுக்குப் போகவில்லை. பிறகு ஒரு விடியற்காலை காற்று ஓய்ந்திருந்தது, படகுகள் இறங்கின. பத்து மணிக்குக் காற்று திரும்ப எழும்பிவிட்டது.

ஓர்ஸ் ஹில்லிலிருந்து எனக்குத் தெரிவது உள்துறைமுகம் மட்டும். அன்றைக்கும் அது தட்டில் ஊற்றிய தண்ணீர்போல அசையாமல் கிடந்தது. ஒரு ஹோட்டலுக்குப் புதுக் குரல் பதிந்துகொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்கு அக்கா அடித்தாள்.

"அத்தான்ர ரிங் இன்னும் வரேல்லை."

"சிக்னல் பிடிச்சிருக்காது அக்கா. காத்தெல்லோ."

"காத்து எண்டுதானே நானும் சொல்றன்."

"வந்திடுவார். நான் ஒரு வேலையில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்."

எடுக்கவில்லை. ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று எட்டுத் தடவை சொல்லிப் பதிந்தேன். ஒன்றேகாலுக்கு அவளே மறுபடி அடித்தாள். கடற்கரையில் நின்றாள், குரலைக் காற்று பிய்த்தது.

"மற்றப் படகெல்லாம் வந்திட்டுது. இவை ரெண்டு பேரையும்தான் காணேல்லை."

"பொறு, பாத்துச் சொல்றன்" என்றேன், எல்லாம் என் திரையில் இருப்பதுபோல. அத்தானின் எண்ணைத் தேடினேன். இன்றைக்கு ஒன்றுமில்லை. நேற்றும் இல்லை. "அவர் அடிக்கவே இல்லை அக்கா" என்று சொல்லிக்கொண்டு கதிரையை இழுத்தபோது முழங்கால் லாச்சியில் இடித்தது. உள்ளே பேணி விழுந்து உருண்டது.

அப்போதுதான் உறைத்தது. அத்தானின் போன் இங்கே இருக்கிறது. அவர் அடித்திருந்தால் படகில் கூடப் போன கூட்டாளியின் போனில் அடித்திருப்பார். கூட்டாளி மூதூர்க்காரர், அந்த மாதம்தான் வந்து சேர்ந்தவர். அவருடைய எண் எந்தப் பட்டியலிலும் இல்லை.

வாசலில் நிறுத்தி வைத்தவற்றின் பக்கத்தைத் திறந்தேன். மூச்சுக்காரனின் வரிகளுக்கு நடுவே ஒரு புது எண், நான்கு தரம்.

11.20, நாலு விநாடி. 11.52, பன்னிரண்டு விநாடி. 11.58, பன்னிரண்டு விநாடி. 12.10, பன்னிரண்டு விநாடி.

ஒரு ரிங்குக்கு நாலு விநாடி. வகுத்துப் பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் விரலை மடித்து வகுத்துப் பார்த்தேன், விடை வேறாக வராதா என்று. அந்த எண்ணுக்கு அடித்தேன். அணைந்து கிடந்தது.

"அக்கா, மூண்டு ரிங் வந்திருக்கு."

"எங்க? எனக்கு வரேல்லையே?"

"வந்தது. நான் மறிச்சுப்போட்டன்."

அவள் ஏசியிருக்கலாம். "எத்தினை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள். பிறகு போன் கை மாறியது. அங்குள்ள மீனவர் சங்கத்தின் தலைவர் பேசினார்.

"பிள்ளை, முதல் மூண்டு ரிங் எப்ப?"

"பதினொண்டு அம்பத்திரண்டு."

"கடைசி?"

"பன்ரெண்டு பத்து."

"அப்ப பன்ரெண்டு பத்து வரைக்கும் டவர் பிடிச்சிருக்கு." அங்கே யாருக்கோ கத்தினார்: "ஒண்டரை மணித்தியாலம் கச்சான் தள்ளியிருக்குதடா! நேர் கிழக்கில்லை, வடக்குச் சாய்ச்சு விடுங்கோ!" மறுபடி எனக்கு: "முந்தித் தெரிஞ்சிருந்தா கிட்டவே பிடிச்சிருக்கலாம் பிள்ளை."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தூரத்தைத்தான் சொன்னார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது.

நாலு படகுகள் வெளிக்கிட்டன. நேவிக்கும் அறிவித்தாயிற்று. கண்டுபிடித்தால், எந்தப் படகில் முதலில் சிக்னல் பிடிக்கிறதோ அதிலிருந்து அக்காவுக்கு ஒரு ரிங் வரும் என்று பேச்சு. யாருடைய போனிலிருந்து என்று யாருக்கும் தெரியாது.

"எல்லாத்தையும் திற" என்றாள் அக்கா.

"அவனும் வருவான்."

"வரட்டும். நீ திற."

திறந்தேன். அதன்பின் அவளுக்குக் கோல் அடிக்கவே பயந்தேன். அந்த நேரம் பார்த்து ரிங் வந்தால்? வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து மாறி மாறி அனுப்பிக்கொண்டோம்.

இரண்டு இருபத்தைந்துக்குத் திரையில் ஒரு வரி விழுந்தது. தெரியாத எண். அக்கா எடுத்திருந்தாள். பத்தொன்பது விநாடி. சற்று நேரத்தில் அவளுடைய பதிவு வந்தது.

"அவன்தான். லைனை விடடா, என்ர மனுசன் கடலில, கோல் வரவேணும் எண்டு கத்தினனான். தெரியும் எண்டவன். தெரியும் எண்டு சொல்லிப்போட்டு வச்சிட்டான்."

அதை மூன்று முறை கேட்டேன். தெரியும். எப்படித் தெரியும்? நாலு படகு தள்ளிவிட்ட கரையில் ஊரே நிற்குமே. அதற்குள் அவனும் நிற்கிறானா? படகு தள்ளக் கை கொடுத்தானா? அவசரமாகப் பதிந்து அனுப்பினேன்: "தனியவா நிக்கிறாய்?" அனுப்பிய பிறகுதான் அது அவனுடைய கேள்வி என்று விளங்கியது.

அவளுடைய பதில் வந்தது. "சனத்துக்கு நடுவிலதான் நிக்கிறன். எந்தச் சனமெண்டுதான் தெரியேல்லை."

அடுத்த ஒரு மணித்தியாலத்தில் என்ன செய்தேன் என்று கேட்டால், பேணியிலிருந்து கொட்டிய அரிசியை லாச்சிக்குள் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். கண் திரையில். ஹோட்டல் வரிகள் ஓடின. அறைக்கு ஒன்றை அழுத்தினார்கள், சாப்பாட்டுக்கு இரண்டை அழுத்தினார்கள்.

மூன்று நாற்பது. தெரியாத எண். நாலு விநாடி. எடுக்கவில்லை.

ஒரு ரிங். படகா, அவனா? கரையில் நிற்பவனென்றால் ஒரு ரிங்குக்காகத்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

அக்காவின் பதிவு மூச்சிரைக்க வந்தது. "ஒண்டு வந்தது. நான் வீட்டை போறன், உலை வைக்க."

"அக்கா, அது ஆரெண்டு தெரியாது!"

"ஒரு ரிங் வந்தா நான் உலை வைக்கிறனான். ஆரெண்டு நீ பாத்துச் சொல்லு."

அந்த எண்ணுக்கு அடித்தேன். எடுக்கப்பட்டது. ஒரு சொல்லும் இல்லை. காதுக்குள் உஸ்... உஸ்... என்று மூச்சு. வெட்டுவதற்கு விரல் போய்விட்டது. அந்த மூச்சு நீண்டு, இரைந்து, காற்றாக மாறி, அதற்குள்ளிருந்து ஒருவர் கத்தினார்: "ஹலோ! ஆரது? கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வாறம்! ரெண்டு பேரும் இருக்கிறாங்கள்!"

அடுத்த ஞாயிறு போனை எடுத்துக்கொண்டு போனேன். அது பிழைக்கவில்லை. "அப்ப சோறுதான்" என்றார் அத்தான். வெயிலில் உதடு வெடித்திருந்தது, சிரிக்க நொந்தது. என்னைக் கதிரையில் இருத்திக் கதை சொன்னார்.

"எல்லாம் முடிஞ்சுது எண்டு கூட்டாளி கலிமா சொல்லத் தொடங்கிட்டார், மச்சாள். நான் பயப்பிடேல்லை. மூண்டு ரிங் போனதெல்லோ, அவள் கேட்டிருப்பாள், இப்ப ஆக்கள் வெளிக்கிட்டிருப்பாங்கள் எண்டு அவருக்குச் சொன்னனான். சார்ஜ் முடியுமட்டும் மூண்டு தரம் அடிச்சனான். என்ர காதால கேட்டன், வடிவா ரிங் போனது."

குசினி வாசலில் நின்று அக்கா என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை என்று சொன்னால், ஏன் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அவனைச் சொல்ல வேண்டும். அத்தான் பிறகு கடலுக்குப் போகமாட்டார். அத்தானிடம் சொல்லிவிட வேண்டாம் என்று சங்கத் தலைவரிடமும் அவள் கேட்டிருந்தாள்.

"ரிங் போனதெல்லோ, மச்சாள்?"

"ஓம் அத்தான். போனது."

அப்போது குசினிக்குள் போன் அடித்தது. இப்போது எந்தச் சட்டமும் இல்லை, எல்லாம் திறந்து கிடக்கிறது. ஒன்று. இரண்டு. மூன்று. கடலிலிருந்து அந்த மூன்றை விடுபவர் என் முன்னால் இருக்கிறார்.

"எடுமன்" என்றார் அத்தான்.

அக்கா எடுத்தாள். "ஹலோ" என்றாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஆராம்?"

"பிழையான நம்பர்" என்று சொல்லிக் கோலை வெட்டிவிட்டு, போனை அணைக்காமலே சட்டைக்குள் சொருகிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.